எந்தப் பிரிவில் அட்மிஷன் போட்டீர்கள்?

கேள்வி:

என் தம்பிக்கு 27 வயது. மூன்று மாதமாக ராத்திரியில் தூங்குவதில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் தன் போனில் ஏதோ வைத்துவிட்டார்கள், பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று சொல்லி வேலையை விட்டுவிட்டான். ஒருநாள் அம்மா போன் பேசிக்கொண்டிருந்தபோது அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்து உடைத்தான். அம்மா பயந்துபோய் மாமாவிடம் சொல்ல, அவர் தெரிந்த ஒரு மறுவாழ்வு மையத்துக்குச் சொல்லிவிட்டார். விடியற்காலையில் நான்கு பேர் வேனில் வந்து, துண்டால் கையைக் கட்டித் தூக்கிப் போனார்கள். மூக்குக் கண்ணாடியைக்கூட எடுத்துக்கொள்ள விடவில்லை. அம்மா ஏதோ ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்றோடு 19 நாள். "மூன்று மாதக் கோர்ஸ், அதுவரை போனும் கிடையாது, பார்க்கவும் முடியாது" என்கிறார்கள். அம்மா கையெழுத்துப் போட்டால் போதுமா? அவனை வெளியே கொண்டுவர முடியுமா? கொண்டுவந்த பிறகு ஏதாவது ஆகிவிட்டால் பழி என் தலையில்தானே? "வேறு என்னதான் செய்திருக்க முடியும்?" என்று அம்மா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்:

முதல் கேள்விக்கு முதலில். போதாது.

வயது வந்த ஒருவரை, அம்மா போட்டாலும் அப்பா போட்டாலும் மனைவி போட்டாலும், ஒரு கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே பூட்டி வைக்க இந்தியாவில் எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. அந்தக் கையெழுத்து தேவைதான், அது இல்லாமலும் முடியாது, ஆனால் அது வெறும் விண்ணப்பம். பேங்கில் லோனுக்கு விண்ணப்பம் கொடுத்தவுடன் பணம் கைக்கு வந்துவிடாது இல்லையா, அந்த மாதிரி. விண்ணப்பத்துக்குப் பிறகு நடக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, அது உங்கள் தம்பி விஷயத்தில் நடந்ததா என்பதுதான் இப்போது கேள்வி. அப்புறம் அந்த மூன்று மாதக் கோர்ஸ். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் எங்கேயும் கிடையாது. சம்மதம் இல்லாமல் முதல் தடவை ஒருவரை வைத்திருக்க உச்சவரம்பு 30 நாள்.

இதற்கான சட்டம் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதற்கு முன்னால் 1987ஆம் வருடச் சட்டம், அதற்கும் முன்னால் வெள்ளைக்காரன் காலத்து 1912ஆம் வருடச் சட்டம், அதன் பெயரே 'பைத்தியக்காரர்கள் சட்டம்' என்கிற தினுசில்தான் இருந்தது. புதுச் சட்டத்தில் பிரிவு 85 என்ன சொல்கிறதென்றால், முடிந்தவரை எல்லா அட்மிஷனும் அந்த ஆளே சம்மதித்து வருகிற அட்மிஷனாக இருக்க வேண்டும். அது முடியாதபோதுதான் பிரிவு 89, அதாவது அதிக உதவி தேவைப்படுகிறவரை அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பது. 'கட்டாய அட்மிஷன்' என்ற சொல்லையே சட்டம் பயன்படுத்துவதில்லை, 'ஆதரவுடன் கூடிய அட்மிஷன்' என்கிறது. பெயர் மென்மையாக இருக்கிறது, கதவுக்கு வெளியே பூட்டு என்னவோ அதே பூட்டுதான், அது வேறு விஷயம்.

89இல் சேர்க்க என்ன வேண்டும்? சேர்க்கிற அன்றோ அதற்கு முந்தைய 7 நாளுக்குள்ளோ, இரண்டு பேர் தனித்தனியாக அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் மனநல மருத்துவர். இன்னொருவர் மனநலத் துறை நிபுணராகவோ பொது மருத்துவராகவோ இருக்கலாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமல், தனித்தனியாக ஒரே முடிவுக்கு வர வேண்டும். அந்த முடிவு 'இவருக்கு மனநோய் இருக்கிறது' என்பதோடு நிற்கக் கூடாது, அந்த நோயின் தீவிரத்தால் சமீபத்தில் மூன்றில் ஒன்றாவது நடந்திருக்க வேண்டும்: தனக்கே காயம் செய்துகொள்வதாக மிரட்டியது அல்லது முயன்றது, அடுத்தவரிடம் வன்முறையாக நடந்தது அல்லது இவரால் தனக்கு அடிபடும் என்று ஒருவர் பயப்படும்படி செய்தது, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தான நிலைக்குப் போனது. இதற்கு மேல், உள்ளே சேர்ப்பதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வேறு வழி இல்லை என்றும் எழுத வேண்டும், அவரால் உதவியோடுகூடத் தானே முடிவெடுக்க முடியவில்லை என்றும் எழுத வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. முடிவெடுக்கும் திறன் என்றால் சட்டம் கேட்பது சின்ன விஷயம்: சொல்வது புரிகிறதா, இப்படிச் செய்தால் இன்னது நடக்கும் என்பது பிடிபடுகிறதா, தன் முடிவைப் பேசியோ சைகையிலோ ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்க முடிகிறதா. அவ்வளவுதான். 'நமக்குத் தப்பாகப் படுகிற முடிவை எடுக்கிறான், அதனால் அவனுக்குத் திறன் இல்லை' என்று சொல்ல முடியாது, அதைச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. ஒருவர் மாத்திரை வேண்டாம் என்று சொல்வது மட்டுமே அவருக்குப் புத்தி தெளிவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. வேலையை விட்டது, சாமி கும்பிடாதது, வீட்டார் பார்த்த பெண்ணை வேண்டாம் என்றது, கட்சி மாறியது, இதெல்லாமும் ஆகாது. பிரிவு 3 இதைக் கிட்டத்தட்ட இதே மாதிரி பட்டியல் போட்டுத்தான் வைத்திருக்கிறது.

சரி, உங்கள் தம்பிக்கு இது பொருந்துகிறதா? போனைப் பிடுங்கி உடைத்தது, அம்மா பயந்தது, மூன்று மாதம் தூக்கமில்லாதது, போன் ஒட்டுக்கேட்பு என்ற உறுதியான நம்பிக்கை, இதையெல்லாம் கேட்டால் ஒரு மனநல மருத்துவர் பார்த்தே ஆக வேண்டிய ஆள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஒருவேளை 89இன் நிபந்தனைகள் எல்லாமே அவருக்குப் பொருந்தவும் செய்யலாம். ஆனால் அதை நான் சொல்லக் கூடாது, நான் வக்கீல். உங்கள் மாமாவும் சொல்லக் கூடாது. வேனில் வந்த நான்கு பேர் நிச்சயமாகச் சொல்லக் கூடாது. விடியற்காலையில் துண்டோடு வந்த அந்தக் கூட்டத்தில் டாக்டர் யாரும் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. கை காலைக் கட்டுவது உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதித்து, தேவைப்படும் நேரம் வரை மட்டும்தான், அதையும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும் என்று பிரிவு 97 சொல்கிறது. சங்கிலி என்றால் எந்த நிலையிலும் கூடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நாளைக்கே, முடிந்தால் இன்றைக்கே, அந்த மையத்துக்கு நேரில் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எந்தப் பிரிவில் அட்மிஷன் போட்டிருக்கிறீர்கள்?" சத்தம் போட வேண்டாம், 'போலீசைக் கூப்பிடுவேன்' என்று ஆரம்பிக்க வேண்டாம். இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இத்தனை வருடத்தில் இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்தே பாதி கேஸ் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

"அவரே சம்மதித்துத்தான் இருக்கிறார்" என்று சொன்னால், நல்லது. அப்படியென்றால் அவர் பிரிவு 86இன் கீழ் சுயமாகச் சேர்ந்தவர், அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்ட உடனே டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். 89க்குள் வருகிறாரா என்று பரிசோதிக்க மட்டும் அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். "உங்கள் முன்னாடியே அவரைக் கேட்டுவிடலாமா?" என்று சொல்லுங்கள்.

"இது ஆஸ்பத்திரி இல்லை, ஹோம்தான், அந்தச் சட்டமெல்லாம் எங்களுக்கு வராது" என்று சொன்னால், வரும். மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சையோ பராமரிப்போ மறுவாழ்வோ தருகிற எந்த இடமும் இந்தச் சட்டத்தில் மனநல நிறுவனம்தான், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. சொந்தக்காரர் வீட்டில் குடும்பத்தோடு இருப்பது மட்டும்தான் விதிவிலக்கு. 'போதை மறுவாழ்வு மட்டும்தான் செய்கிறோம்' என்பதும் செல்லாது, குடி, போதைப் பழக்கத்தோடு வருகிற மனநிலைப் பாதிப்பும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே இருக்கிறது. (உங்கள் தம்பிக்குக் குடிப்பழக்கம் இருப்பதாகவே நீங்கள் எழுதவில்லை. அவரை ஏன் அங்கே கொண்டுபோனார்கள் என்பதையும் மாமாவிடம் ஒருமுறை கேளுங்கள்.) மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த எண்ணைக் கேளுங்கள். பதிவு இல்லாமல் நடத்தினால் அபராதம் உண்டு.

"89" என்று சட்டென்று சொன்னார்கள் என்றால் கொஞ்சம் நிம்மதியாகலாம், வேலை தெரிந்த இடம். அப்போது அடுத்த கேள்விகள். பரிசோதித்த இரண்டு பேர் யார், எந்தத் தேதியில்? இப்படிப்பட்ட அட்மிஷன் சரிதானா என்று பார்க்கிற மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் அனுப்பியாயிற்றா? ஆண் என்றால் 7 நாளுக்குள், பெண்ணோ 18 வயதுக்குக் கீழ் உள்ளவரோ என்றால் 3 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அவர் சார்பில் வேறொருவர் சம்மதம் கொடுத்துச் சிகிச்சை நடக்கிறது என்றால், அவருடைய திறன் திரும்பிவிட்டதா என்று 7 நாளைக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். 19 நாளில் இரண்டு குறிப்பாவது கேஸ் ஷீட்டில் இருந்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நோயின் விவரம், மருந்தின் பெயர் இதையெல்லாம் உங்களிடம் சொல்ல மறுத்தால் கோபப்படாதீர்கள், ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை, அக்கா என்பதற்காக எல்லாவற்றையும் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் பார்க்கவே கூடாது, போனே கிடையாது என்பது வேறு. பார்வையாளரைச் சந்திப்பது, நியாயமான நேரத்தில் போன் பேசுவது இரண்டும் பிரிவு 26இல் நோயாளியின் உரிமை. நிறுவனம் நேரம் வரையறுக்கலாம், மூன்று மாதத்துக்குத் துண்டிக்க முடியாது. அவருடைய வக்கீலையும், அவருடைய பிரதிநிதியையும், நீதிபதியையும், வாரிய உறுப்பினரையும் எந்தக் காரணம் சொல்லியும் தடுக்க முடியாது. 'உங்களைப் பார்க்க வேண்டாம்' என்று தம்பியே சொல்லலாம், அந்த உரிமையும் அவருக்கு உண்டு. ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும், வாசலில் நிற்கிற ஆள் சொல்லக் கூடாது.

பிரதிநிதி என்றேனே, அது முக்கியம். ஒவ்வொரு வயது வந்தவரும் தன் சார்பில் பேச ஒருவரை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நியமிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். யாரையும் நியமிக்கவில்லை என்றால் உறவினர், அவரும் இல்லையென்றால் பராமரிப்பவர், அப்புறம் வாரியம் நியமிக்கும் ஒருவர் என்று வரிசை போகிறது. உங்கள் அம்மா கையெழுத்துப் போட்டது அந்த 'உறவினர்' என்ற இடத்தில் நின்றுதான். நாளைக்குத் தம்பி 'என் அக்காதான் என் பிரதிநிதி' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அந்த இடம் உங்களுக்கு வரும். ஆனால் இதை அம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற பழைய கணக்கைத் தீர்க்கிற ஆயுதமாக்கிவிடாதீர்கள். அப்படி ஆகி, நோயாளியை யாருமே கவனிக்காமல் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மையம் மழுப்பினால் அடுத்த வாசல் மனநல மறுஆய்வு வாரியம். மாவட்ட நீதிபதி நிலையில் இருக்கிறவரோ இருந்தவரோ தலைவர், கலெக்டரின் பிரதிநிதி ஒருவர், ஒரு மனநல மருத்துவர், ஒரு பொது மருத்துவர், அப்புறம் மனநோயை அனுபவித்தவர்கள் அல்லது பராமரிப்பவர்கள் அல்லது தொண்டு நிறுவனத்தினரிலிருந்து இரண்டு பேர். இந்தக் கடைசி இரண்டு நாற்காலிதான் இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம். தம்பியோ அவருடைய பிரதிநிதியோ அவருடைய சம்மதத்தோடு ஒரு பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ 89 அட்மிஷனை எதிர்த்து விண்ணப்பம் போடலாம். கட்டணம் கிடையாது. உள்ளே இருக்கிறவர் எழுத முடியாத நிலை என்றால் விதிவிலக்காக வாய்மொழியாகவோ போனிலோ சொன்னதைக்கூட வாரியம் ஏற்கலாம். 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், அந்த முடிவு மையத்தைக் கட்டுப்படுத்தும். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் ஐகோர்ட்டில் அப்பீல் போகலாம். வாரியத்தின் முகவரியையும் போன் நம்பரையும் ஒவ்வொரு நிறுவனமும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். போகும்போது சுவரைப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கைப் பாருங்கள், இன்று 19. முப்பதாம் நாளுக்கு மேல் வைக்க வேண்டும் என்றால் பிரிவு 90க்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும், வாரியம் அனுமதிக்க வேண்டும், அதுவும் முதலில் 90 நாள் வரைதான். எனவே முப்பதாவது நாள் வரை பொறுத்திருந்து பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். விண்ணப்பத்தை இந்த வாரமே எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று, நேரில் கொடுத்து முத்திரை வாங்கிய நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள் அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். மனநல மருத்துவமனையில் காவலில் இருக்கிறவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமே சொல்கிறது. இது நிறைய வக்கீல்களுக்கே தெரியாது.

அடைத்து வைத்திருக்கிற ஆளைக் கோர்ட் முன்னால் கொண்டுவரச் சொல்லிக் கேட்கிற ஆட்கொணர்வு மனு போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியிருப்பார்கள். போடலாம். அரசியல் சாசனப் பிரிவு 226இன் கீழ் ஐகோர்ட்டில் போடலாம், வேகமாகவும் நடக்கும். டாக்டரே இல்லை, பதிவே இல்லை, எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்ற நிலை வந்தால் தயங்காமல் போடுங்கள். 2018இல் தில்லி ஐகோர்ட் இதே மாதிரி ஒரு விஷயத்தைப் பார்த்தது. வயது வந்த ஒரு பெண்ணைப் பெற்றோர் ஏற்பாட்டில் அவர் விருப்பத்துக்கு மாறாக ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டுபோய் ஒரு இடத்தில் சேர்த்திருந்தார்கள். பெற்றோர் என்பது அதற்கு உரிமை ஆகாது என்று கோர்ட் சொல்லி, நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கத்தோடுதான். தொழிலுக்கு வந்த புதிதில் நான் நடத்திய இப்படிப்பட்ட ஒரு கேஸில், பத்து நாளாக அடைத்து வைத்திருந்த ஒருவரை ஆட்கொணர்வு மனுவில் மூன்றே நாளில் வெளியே கொண்டுவந்தேன். கோர்ட் வாசலில் கைகொடுத்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன், பெரிய சாதனை செய்த மிதப்பு. அவருக்கு அடுத்த நாள் யார் மாத்திரை கொடுப்பது, எந்த டாக்டரிடம் போவது, ராத்திரி யார் கூட இருப்பது என்று நான் யோசிக்கவே இல்லை, மாத்திரை திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்றுகூடத் தெரியாது. ஆறாவது நாள் அவருடைய மனைவி ஸ்டேஷனிலிருந்து போன் செய்தார். அவர் உயிரோடு இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார், ஆனால் அந்த வாரம் அவருக்கும் அந்த அம்மாளுக்கும் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதிலிருந்து டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கையில் இல்லாமல் நான் மனு எழுதுவதில்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் அதில்தான் பதில் இருக்கிறது. தம்பி வெளியே வந்து ஏதாவது நடந்தால் சட்டப்படி பழி உங்கள்மேல் வராது. மறுஆய்வு கேட்பது உரிமை, அதைக் கேட்டதற்காக யாரும் உங்களைக் குற்றவாளி ஆக்க முடியாது. மனசுக்குள் வருகிற பழிக்கு மனு உதவாது, ஏற்பாடுதான் உதவும். வாரியத்திடம் 'விட்டுவிடுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். வெளியிலிருந்து ஒரு மனநல மருத்துவரை வைத்து அவரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், வேறு நல்ல இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அல்லது வீட்டுக்கு வந்தால் இன்ன டாக்டர், இன்ன தேதி, கூட இன்னார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தூக்கமும் தெளிவும் கொஞ்சம் திரும்பினால், தானே சம்மதித்து இன்னும் இரண்டு வாரம் சிகிச்சைக்கு இருக்கிறேன் என்று அவரே சொல்லவும் கூடும். அப்படித் தங்குவதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. பூட்டு இல்லாமல் கேட்டால் சிகிச்சைக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் நாம் நினைப்பதைவிட நிறையப் பேர்.

இப்போது அம்மா. "வேறு என்னதான் செய்திருக்க முடியும்?" அவர் கேட்டது நியாயமான கேள்வி, இதற்கு நம் ஊர்களில் யாரும் முன்கூட்டியே பதில் சொல்லி வைப்பதில்லை. பதில் இது: அந்த ராத்திரி அவர் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரையும் கூப்பிட்டிருக்கலாம். உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து, அல்லது சொத்துக்குக் கடுமையான சேதம் என்ற நிலையில், பிரிவு 94இன்படி வீட்டில் வைத்தே அவசரச் சிகிச்சை கொடுக்கலாம், பிரதிநிதியின் சம்மதத்தோடு பக்கத்து மனநல நிறுவனத்துக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம், 72 மணி நேரம் வரை. ஷாக் ட்ரீட்மென்ட் அந்த அவசரத்தில் கொடுக்கக் கூடாது, மற்றபடி மருந்து கொடுக்கலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரத்திலும் பேசலாம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு 108இல் போயிருக்கலாம். இது எதுவும் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்தது மாமா ஒருவர், மாமாவுக்குத் தெரிந்தது வேன் ஒன்று. அம்மாவிடம் பேசும்போது 'நீ சட்டத்தை மீறிவிட்டாய்' என்று தொடங்காதீர்கள்.

சட்டம் ஏன் அம்மாவின் அன்பைக்கூட நம்பாமல் இத்தனை தடுப்பு போட்டிருக்கிறது என்று அவர் கேட்டால் ஒரு கதை சொல்லுங்கள். 1957இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கென்னத் டொனால்ட்சன் என்பவரை, பிரமையில் பேசுகிறான் என்று அவருடைய அப்பாவே மனு போட்டு மனநல மருத்துவமனையில் சேர்த்தார். அந்த மனிதர் யாருக்கும் ஆபத்து செய்தவர் இல்லை, வெளியே பார்த்துக்கொள்ள ஆள் தயாராக இருந்தது, விடச் சொல்லி மனு மேல் மனு போட்டார். கிட்டத்தட்ட 15 வருடம் உள்ளே இருந்தார். 1975இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், ஆபத்தில்லாத, தானாகவோ மற்றவர் உதவியோடோ வெளியே பாதுகாப்பாக வாழக்கூடிய ஒருவரைச் சும்மா அடைத்து வைக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. நம் பக்கத்திலேயே வேண்டுமென்றால் ஏர்வாடி மனநலக் காப்பகம். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலைத் தீ, கால் சங்கிலியோடு 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களையும் குணமாகட்டும் என்றுதான் அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

இந்தச் சட்டம் ரொம்ப இறுக்கம், முற்றிப்போன பிறகுதான் உள்ளே கொண்டுவர முடிகிறது என்று மருத்துவர்கள் சிலர் குறைப்படுவது எனக்குத் தெரியும், அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ராத்திரி முழுக்கக் கதவுப் பக்கம் காது வைத்துப் படுத்திருக்கும் ஒரு அம்மாவிடம் 'கட்டுப்பாடு குறைந்த வழி' என்று பேசினால் அவருக்குக் கோபம்தான் வரும். இருந்தாலும் என் கருத்து, இறுக்கம் அட்மிஷன் நிபந்தனையில் இருப்பது சரி. வீட்டுக்கே வந்து பார்க்கிற மனநலக் குழு இல்லாததுதான் குறை. அது இருந்தால் வேனுக்கு வேலை இருக்காது.

தம்பி தெளிந்த பிறகு ஒன்று செய்யச் சொல்லுங்கள். மறுபடி இப்படி வந்தால் என்னை எங்கே கொண்டுபோக வேண்டும், எந்த மருந்து வேண்டாம், யார் என் சார்பில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், மாற்றியும் எழுதலாம். அவசரச் சிகிச்சையின்போது அது செல்லாது, மற்ற நேரத்தில் மருத்துவர் அதைப் பின்பற்ற வேண்டும், முடியாது என்று நினைத்தால் வாரியத்திடம் போக வேண்டும். அப்புறம் வேலைக்குப் போவதைப் பற்றி அவருக்குப் பயம் இருக்கும். ஒருமுறை அட்மிட் ஆனதால் யாரும் 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' ஆகிவிடுவதில்லை, அதைத் தகுதியுள்ள கோர்ட்தான் சொல்ல வேண்டும், இதுவும் சட்டத்தில் எழுதியே இருக்கிறது.

நாளைக்குப் போகும்போது அவருடைய மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டார், மறுஆய்வு எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் அவருக்குப் புரிகிற வடிவில் சொல்ல வேண்டும் என்று பிரிவு 22 சொல்கிறது. 19 நாளாகக் கண்ணாடி இல்லாத ஆளிடம் எந்தத் தாளை நீட்டியிருந்தாலும் அவர் அதைப் படித்திருக்க மாட்டார். கண்ணாடியை நேரில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று சொல்லுங்கள்.